ஈரோட்டுக்காரரின் இன்னோர் எண்

கணித மேதை ராமானுஜன் என்றதும் 1729 என்ற எண் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், ஈரோட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் வேறொன்று இருக்கிறது: 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், பாட்டி வீட்டில் பிறந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதிலுள்ள அட்டவணை இந்த எண்ணோடுதான் முடிகிறது. அது எந்த வகை எண்களின் அட்டவணை? ஒரு டஜனிலிருந்து தொடங்கலாம்.

திருப்பூரில் பனியனை டஜன் கணக்கில் கட்டுகிறார்கள். 12 உருப்படிகளை 2, 3, 4, 6 என்று எப்படிப் பங்கு போட்டாலும் மீதி வராது. 1, 12 இரண்டையும் சேர்த்தால் 12-க்கு ஆறு வகுஎண்கள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படித் தனக்குக் கீழேயுள்ள அத்தனை எண்களையும் வகுஎண் எண்ணிக்கையில் மிஞ்சுவது உயர் பகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை தொடங்கும். ராமானுஜன் தம் அட்டவணையில் இத்தகைய 102 எண்களைப் பட்டியலிட்டார்.

கடைசி எண்ணைப் பிரித்துப் பாருங்கள்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

23 வரை ஒரு பகா எண்கூட விடுபடவில்லை. அடுக்குகள் 6, 4, 2, 2, பிறகு எல்லாம் 1. இறங்குமே தவிர ஏறாது. 19-ஐ எடுத்துவிட்டு 29-ஐ வைத்தால் என்ன ஆகும்? வகுஎண்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் மட்டும் பெருத்துவிடும். அதே எண்ணிக்கையோடு சிறிய எண் ஒன்று இருக்கும்போது பெரியதற்கு அந்தத் தகுதி கிடையாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்பதையும், 4, 36 இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்பதையும் ராமானுஜன் நிறுவினார்.

வகுஎண்களை எண்ணுவது எளிது. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் போதும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இந்த 10,080-உம் ஓர் உயர் பகு எண்தான்!

அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கினால் வருவது அவருடைய அந்தக் கடைசி எண்ணேதான். கணிப்பொறி இல்லாத காலத்தில், கோடிகளைத் தாண்டி லட்சம் கோடிகள் வரை கையால் தேடியவரிடமிருந்து தப்பியது அது ஒன்றுதான் என்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

இந்த ஆய்வுக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. போர்க்கால நெருக்கடியில் கட்டுரை முழுமையாக அச்சேறவில்லை. மீதிப் பகுதி, விளக்கக் குறிப்புகளோடு, அவர் பெயரிலேயே நடக்கும் ‘ராமானுஜன் ஜர்னல்’ இதழில் 1997-இல் வெளிவந்தது.