பல்லைப் பிடுங்கப் போகிறீர்களா?

சின்ன வயதில் உங்களுக்குப் பல் விழுந்தது நினைவிருக்கிறதா? ஆடிக்கொண்டிருந்த பல் ஒரு நாள் இட்லியோடு சேர்ந்து கைக்கு வந்திருக்கும். பாட்டி அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லியிருப்பார். இரண்டு சொட்டு இரத்தம், அவ்வளவுதான். மறுநாள் நீங்கள் அதை மறந்தே போயிருப்பீர்கள்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர், "பல்தானே, பிடுங்கிப் போட்டால் போகிறது" என்று எண்ணுகிறோம். ஆனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் பிடுங்கப்படுவது பால்பல் அல்ல, நிலைப்பல். அதை எடுப்பது சிறியதானாலும் ஓர் அறுவை சிகிச்சைதான். மற்ற அறுவைகளில் டாக்டர் காயத்தைத் தைத்து மூடி அனுப்புகிறார். பல் எடுத்த காயமோ பெரும்பாலும் திறந்தபடியே நோயாளியுடன் வீட்டுக்கு வருகிறது. அதை மூடும் வேலையை அவருடைய இரத்தமே செய்கிறது. அந்த வேலை கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நோயாளிக்கு உண்டு. அதனால்தான் இந்தச் சிகிச்சையைப் பற்றி நோயாளியும் சிறிது அறிவியல் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல் எப்படி நிற்கிறது?

சுவரில் ஆணி அடித்தது போலப் பல் எலும்பில் இறுகியிருக்கிறது என்று நினைக்கிறோம். அது சரியல்ல. பல்லின் வேருக்கும் தாடை எலும்பின் குழிக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. அதன் அகலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்கள் நிறைந்திருக்கின்றன. ஒரு புறம் வேரையும் மறுபுறம் எலும்பையும் பற்றியிருக்கும் இந்த நார்களில்தான் பல் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. முறுக்கைக் கடிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை இவை தாங்கிக்கொள்கின்றன.

பால்பல்லுக்கும் வேர் உண்டு. ஆனால் கீழேயிருந்து நிலைப்பல் வளர வளர, உடலே அந்த வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. விழுந்த பால்பல்லைப் பார்த்தால் அடியில் வேர் இல்லாமல் மொட்டையாக இருப்பது இதனால்தான். நிலைப்பல்லின் வேர் இப்படிக் கரைவதில்லை. கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு அல்லது மூன்று வேர்கள் எலும்புக்குள் இறங்கியிருக்கும்.

ஆகவே பல் டாக்டர் குறட்டை வைத்து வெறுமனே இழுப்பதில்லை. முதலில் ஒரு நெம்புகருவியால் நார்களைத் தளர்த்துகிறார். பிறகு பல்லைக் குறட்டால் பற்றி முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கிறார். எலும்பு சற்று வளையக்கூடியது. எனவே குழி கொஞ்சம் கொஞ்சமாக அகல்கிறது, பல்லும் வெளிவருகிறது. அப்போது தலைக்குள் 'நறநற' என்று சத்தம் கேட்கலாம். நார்கள் அறுபடும் ஓசை அது. பயப்பட வேண்டாம்.

வலி எங்கே போயிற்று?

1844ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்துகொண்டு, தம் பல்லையே இன்னொரு மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றதில் பல் மருத்துவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இன்று பல் எடுக்க மயக்கம் தேவைப்படுவதே அரிது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். அதில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெய்ன் என்ற மருந்து. 1943ஆம் ஆண்டு சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் என்பவர் உருவாக்கியது அது.

அது வேலை செய்யும் விதம் சுவையானது. நரம்பின் வழியே செய்தி ஓட வேண்டுமானால், சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாய வேண்டும். அவை நுழையும் வாயில்களை லிக்னோகெய்ன் அடைத்துவிடுகிறது. செய்தி மூளையை எட்டுவதில்லை. ஆனால் அழுத்தத்தை உணரும் நரம்பிழைகள் தடிப்பானவை, எளிதில் மரத்துப்போகாதவை. எனவே ஊசி போட்ட பின்பும் அழுத்துவது தெரியும், குத்தும் வலி தெரியாது. வலித்தால் கையை உயர்த்துங்கள். இன்னும் சற்று மருந்து போடுவார்கள்.

கன்னம் வீங்கிச் சீழ் கட்டிய நிலையில் சென்றால், சில சமயம் "சில நாள் மருந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று டாக்டர் சொல்லுவார். அதற்கு ஒரு வேதியியல் காரணமும் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அமிலச் சூழலில் மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை மின்னேற்றம் பெற்றுவிடுகின்றன. மின்னேற்றம் பெற்றவை நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போவது கடினம். ஊசி சரியாகப் பிடிக்காமல் போவது இதனால்தான்.

கண் பார்வை போய்விடுமா?

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல்லுக்கு வரும் நரம்பு மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாவது நரம்பின் கிளை. பார்வைக்குரியது இரண்டாவது நரம்பு. இரண்டும் வெவ்வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை நரம்புக்கு எதுவும் ஆகாது.

பின் ஏன் இந்த நம்பிக்கை வந்தது? ஐந்தாவது நரம்பின் கிளைகள் கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் பரவியுள்ளன. எனவே மேல் பல் வலி கண்ணருகே தெறிப்பது போலத் தோன்றும். மேலும், பல் விழும் முதுமையில்தான் கண்ணில் புரையும் விழுகிறது. ஒரே சமயத்தில் நடப்பவற்றில் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

இந்த அச்சத்தால் பலர் டாக்டரிடம் போகாமல், சொத்தைக்குள் எருக்கம்பாலையும் புகையிலையையும் வைத்துக்கொள்கிறார்கள். எருக்கம்பால் ஈற்றை வேகவைத்துவிடும். கிராம்புத் தைலம் சிறிது நேரம் வலியை அடக்கும், ஆனால் சொத்தையை ஆற்றாது.

மறைக்காமல் சொல்லுங்கள்

நாற்காலியில் உட்காரும் முன் டாக்டரிடம் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். முன்பு காயம்பட்டபோது இரத்தம் நிற்காமல் ஓடியதா? இதய நோயோ, செயற்கை இதய வால்வோ உண்டா? சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலிப்பு உண்டா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? கருவுற்றிருக்கிறாரா? இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

தாத்தாவுக்குத் துணையாகப் போகிறீர்களா? அவருடைய மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் எடுத்துப் போங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. என்ன செய்வது என்பதை டாக்டர் சொல்லட்டும். எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அவற்றுள் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் அளவாகச் சாப்பிட்டுவிட்டுப் போவதே நல்லது. பசியும் பயமும் சேர்ந்தால் தலைசுற்றி மயக்கம் வரும். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டுமே பட்டினி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அடுத்துள்ளது திருப்பத்தூர் மாவட்டம். அங்கே வாணியம்பாடியில் உள்ள ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 பேர் 2023ஆம் ஆண்டில் மூளையைத் தாக்கும் கடும் நோய்க்கு ஆளானதும், அவர்களில் 8 பேர் இறந்ததும் ஆய்வில் தெரியவந்தன. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல் என்று நோய் விரைவாக முற்றியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்களும், தமிழக அரசின் பொதுச் சுகாதாரத் துறையினரும் காரணத்தைத் தேடினார்கள். ஆய்வு முடிவுகள் 2025ஆம் ஆண்டில் வெளியாயின.

குற்றவாளி, ஈரமான வயல் மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு பாக்டீரியா. மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தருவது அது. காயத்தைக் கழுவப் பயன்பட்ட உப்புநீர்ப் புட்டியில் அது இருந்தது. அறுவைக் கருவி ஒன்றாலேயே புட்டியைத் திறப்பதும், மீதியைப் பஞ்சால் அடைத்துவைத்து மறுபடி பயன்படுத்துவதும் அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. ஒரு புட்டி உப்புநீரின் விலை என்ன? எட்டு உயிர்களின் விலை என்ன?

இத்தகைய நிகழ்ச்சி மிக அரிது. பல் டாக்டரிடம் போகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிகிச்சை செய்பவர் பி.டி.எஸ். படித்துப் பதிவு செய்துகொண்டவரா? ஊசி புதிய உறையிலிருந்து பிரிக்கப்படுகிறதா? கையுறை மாற்றப்படுகிறதா? கருவிகள் ஆட்டோகிளேவில் வைக்கப்பட்டனவா?

ஆட்டோகிளேவ் என்பது பெரிய பிரஷர் குக்கர்தான். சாதாரணப் பாத்திரத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். ஆட்டோகிளேவில் நீராவி 121 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும். வெந்நீரில் தப்பிப் பிழைக்கும் பாக்டீரிய வித்துகள்கூட அதில் மடிந்துவிடும். கருவியை வெந்நீரில் முக்கி எடுத்தால் போதாது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

குழிக்குள் என்ன நடக்கிறது?

பல் வெளிவந்ததும் குழியில் இரத்தம் நிறைகிறது. சில நிமிடங்களில் அது உறைந்து கட்டியாகிறது. இந்த உறைகட்டிதான் காயத்தின் மூடி. எலும்பையும் நரம்பு முனைகளையும் அது மூடிக் காக்கிறது. அடுத்த சில நாட்களில் அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து புதிய திசு உருவாகிறது. சில வாரங்களில் ஈறு மேலே மூடிக்கொள்கிறது. குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் ஆகும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல்லை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பேருந்தில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாயில் பஞ்சுத் துணி. டாக்டர் சொன்ன நேரம் வரை, சுமார் அரை மணி முதல் முக்கால் மணி வரை, அதை இறுகக் கடித்திருங்கள். யாரோடும் பேச வேண்டாம். ஜன்னல் வழியே துப்பவே கூடாது. துப்பும்போது வாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலில் உறைகட்டி பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். உமிழ்நீரை விழுங்கிவிடுங்கள். அதில் சிறிது சிவப்புக் கலந்திருந்தால் கலங்க வேண்டாம். ஒரு சொட்டு இரத்தம் உமிழ்நீரில் கலந்தால் வாய் நிறைய இரத்தம் போலத் தெரியும்.

இளநீரை உறிஞ்சுகுழலால் குடிப்பதும் இதே காரணத்தால் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கு இரட்டைத் தீங்கு: உறிஞ்சுவதால் கட்டி பெயரும், புகை காயம் ஆறுவதையும் தடுக்கும்.

முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள். உதடு மரத்திருக்கும் வரை எதையும் மென்று தின்னாதீர்கள், தெரியாமல் உதட்டையே கடித்துவிடுவீர்கள். பிறகு ஆறிய கஞ்சியோ தயிர் சாதமோ மறுபக்கத்தால் சாப்பிடலாம். சுடச்சுட ரசம், காபி வேண்டாம். விரலாலோ நாக்காலோ குழியைத் துழாவ வேண்டாம். வீக்கம் இருந்தால் கன்னத்தின் வெளிப்புறத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை விட்டுவிட்டு ஒற்றலாம். மறுநாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வாயில் வைத்திருந்து மெல்லச் சாய்த்து விடுங்கள். மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்கலாம்.

எப்போது திரும்ப ஓட வேண்டும்?

புதிய துணியை அரை மணி நேரம் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டால் உடனே போக வேண்டும். வலி குறைந்து வந்து, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று காது வரை தெறித்தால், உறைகட்டி பெயர்ந்து எலும்பு வெளித்தெரிகிறது என்று பொருள் கொள்ளலாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி அடங்கும். காய்ச்சல், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், மறுநாளும் மாறாத மரமரப்பு ஆகியவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், இரவு பகல் பாராமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பிடுங்காமல் தப்பிக்கும் பல்

எல்லாவற்றுக்கும் முன்பாக டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா?" சொத்தை ஆழமாக இருந்தாலும் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்ற முடிவதுண்டு. பல் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் கீழிறங்கும் அல்லது மேலேறும். காலப்போக்கில் கடிக்கும் அமைப்பே மாறிவிடும்.

இன்று இரவு ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஏழெட்டு வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பற்களின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். ஆறாவதாக வரும் பெரிய கடைவாய்ப் பல் எந்தப் பால்பல்லும் விழாமல், பின்னால் புதிதாக முளைத்தது. முளைக்கும் வயது சுமார் ஆறு. பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்" என்று வீட்டார் விட்டுவிடுவது இந்தப் பல்லைத்தான். அது நிலைப்பல். அதில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அம்மாவிடம் காட்டுங்கள். இப்போதே அடைத்துவிட்டால் பிடுங்க வேண்டிய நாள் வராமலே போகலாம்.