கணக்கு கேட்காத நாள்காட்டி

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மக்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய நாட்கள் ஒரே வகையின அல்ல. ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் திங்கட்கிழமைதோறும் நடைபெறுகிறது. கிராம சபைகளோ, 2022-இல் மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டபின், ஆண்டுக்கு ஆறு குறித்த தேதிகளில் கூடுகின்றன. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளிலும் சில சிறப்பு நாட்களிலும் மட்டுமே திறக்கப்படுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டாடப்படும் முதலாம் இராசேந்திரனின் பிறந்த நாளான ஆடித் திருவாதிரையோ நட்சத்திரத்தைப் பின்பற்றி வருகிறது. இத்தகைய நாட்களை இணைய நாள்காட்டி ஒன்றில் தொகுத்து வெளியிட முனையும் எவரும், பார்க்க வருவோரிடம் கணக்கு கேட்பதா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆண்டிராய்டு கைப்பேசி வைத்திருப்போர்க்கெல்லாம் கூகுள் கணக்கு இருக்கத்தானே செய்கிறது என்று வாதிடலாம். ஆனால் கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரரே தொடங்கித் தந்த கணக்கின் கடவுச்சொல்லை அறியாதவர்களும், ஒரே கைப்பேசியை வீட்டார் அனைவரும் பயன்படுத்தும் குடும்பங்களும் இருக்கும்போது அவ்வாதம் நிற்பதில்லை.

நாள்காட்டியைப் பகிர இரு வழிகள் உள்ளன. குறிப்பிட்ட ஒருவரின் மின்னஞ்சலைச் சேர்த்து அவருக்கு மட்டும் காட்டுவது ஒன்று. இதற்குப் பொதுவாக அவர் தம் கணக்கில் உள்நுழைய வேண்டும். நாள்காட்டிக்கே ஓர் இணைய முகவரி தந்து, அதனைத் திறப்பவர் யாராயினும் அவருக்குக் காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டாம் வழிக்குத் துணைநிற்பது ஐகேலண்டர் எனப்படும் பொதுத் தரம் ஆகும். 1998-இல் வெளியிடப்பட்டு 2009-இல் திருத்தப்பட்ட இத்தரம், நிகழ்வின் தொடக்கம், முடிவு, தலைப்பு, இடம் ஆகியவற்றை எந்த நிறுவனத்தின் செயலியும் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாக வகுத்துத் தருகிறது. அதனால்தான் கூகுளில் உருவாக்கிய நாள்காட்டியை ஐபோனிலும் அவுட்லுக்கிலும் காண முடிகிறது.

பெரும்பாலோர் தடுமாறுவது கூகுள் நாள்காட்டியின் அமைப்புகளில்தான். கணினி உலாவியில் அமைப்புகளைத் திறந்து, நாள்காட்டியைப் பொதுவில் கிடைக்கச் செய்யும் தெரிவைக் குறித்தபின், ஒன்றுபோலத் தோன்றும் பல முகவரிகள் அங்கே கிடைக்கின்றன. பகிர்வதற்கான இணைப்பு என்று முன்னால் நிற்பது, நாள்காட்டியைப் பெறுபவரின் சொந்தக் கூகுள் நாள்காட்டியில் சேர்ப்பதற்கானது என்பதால், அது உள்நுழையச் சொல்கிறது. பொது நாள்காட்டியென நினைத்து இதனை வாட்சாப்பில் அனுப்புவதே வழக்கமான பிழை. சற்றுக் கீழே உள்ள பொது முகவரியோ யாரையும் எதுவும் கேட்காமல் உலாவியில் திறக்கிறது. அதனருகே, இணையதளத்தின் பக்கத்துக்குள்ளேயே நாள்காட்டியைப் பதித்துக்கொள்ளும் நிரல்துண்டும், பிற செயலிகளில் சேர்த்துக்கொள்வதற்கான ஐகேலண்டர் முகவரியும் தரப்படுகின்றன. இரகசிய முகவரி என்று வேறொன்றும் உண்டு. அது பெயரளவிலேயே இரகசியம், ஏனெனில் கையில் கிடைத்தவர் எவரும் நாள்காட்டி முழுவதையும் பார்த்துவிடலாம். கசிந்துவிட்டால் முகவரியை மாற்றியமைப்பதே வழி.

இனி நாட்களைப் பதிவதற்கு வருவோம். சிறுவாச்சூரின் திங்களும் வெள்ளியும் ஐகேலண்டருக்கு மிக எளியவை: வாரந்தோறும் இவ்விரு கிழமைகள் என்று ஒருமுறை விதித்தால் போதும். குறைதீர்க்கும் நாளும் அவ்வாறே. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருந்து கூட்டம் நிறுத்தப்படும் வாரங்களை மட்டும் அத்தொடரிலிருந்து விலக்கலாம். ஆடித் திருவாதிரை இவ்விதிக்குள் அடங்காது. 2022-இல் சூலை 26-இல் வந்த அந்நாள் 2025-இல் சூலை 23-இல் வந்தது. கிரிகோரியன் அல்லாத நாள்காட்டிகளுக்கும் விதி எழுதும் வகையில் 2015-இல் ஐகேலண்டர் விரிவாக்கப்பட்டது உண்மையே. ஆயினும் அவ்விரிவாக்கம் சார்ந்திருக்கும் பட்டியலில் இந்திய அரசின் சக நாள்காட்டி உண்டேயன்றித் தமிழ் நாள்காட்டி இல்லை. எனவே நட்சத்திரத்தையும் திதியையும் சார்ந்த விழாக்களை ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துக் கையால் பதிவதைத் தவிர இன்று வேறு வழியில்லை; பொது நாள்காட்டிக்கு நிலையான பொறுப்பாளர் ஒருவர் தேவைப்படுவதற்கு இதுவே வலுவான காரணம்.

நேரமும் கவனத்திற்குரியது. இந்திய நேரம் காலை 6 மணி என்று பதிந்த நிகழ்வு சிங்கப்பூரிலுள்ளவரின் செயலியில் 8.30 எனத் தோன்றும்; விடுமுறை, விழா போன்றவற்றை முழுநாள் நிகழ்வாகப் பதிந்தால் இக்குழப்பம் எழாது. செயலிகள் ஐகேலண்டர் முகவரியை அவ்வப்போதுதான் மீண்டும் படிக்கின்றன என்பதால், மாற்றம் போய்ச் சேரச் சில மணிநேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். கடைசி நேர ஒத்திவைப்புக்கு ஒலிபெருக்கியும் குறுஞ்செய்தியுமே ஏற்றவை.

கணக்கு கேட்காத கதவு தேடுபொறிக்கும் திறந்தே இருக்கும். பொதுவில் விடப்பட்ட கூகுள் நாள்காட்டிகள் ஆயிரக்கணக்கில் தேடலில் அகப்படுவதை 2019-இல் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். உரியவர்களில் பலர் அதனை அறிந்து திறந்துவைத்தவர்கள் அல்லர். ஆகவே அலுவலகத்தின் அன்றாட நாள்காட்டியைத் திறந்துவிடாமல், வெளியிடுவதற்கென்றே தனி நாள்காட்டி ஒன்றைத் தொடங்கி, அதில் தனிமனிதரின் கைப்பேசி எண்ணுக்குப் பதில் அலுவலக எண்ணைக் குறிப்பது நன்று. பிற்பாடு பொதுப் பகிர்வை நிறுத்தினாலும், அதற்குமுன் பிறர் இறக்கிக்கொண்ட கோப்புகளைத் திரும்பப் பெற முடியாது.