வளரவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

கையில் பட்ட காயம் எப்படி ஆறுகிறது? புதிய உயிரணுக்கள் பெருகி இடத்தை நிரப்புகின்றன. அந்தப் பெருக்கத்திற்குத் துணை நிற்பவை பாலிஅமீன்கள். பியூட்ரசீன், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் ஆகிய மூன்றும் இவற்றுள் முக்கியமானவை.

நேர்மின்னேற்றம் கொண்ட இவை, எதிர்மின்னேற்றம் கொண்ட டி.என்.ஏ. இழையைப் பற்றி நிலைப்படுத்துகின்றன. புரதம் உருவாகவும் உதவுகின்றன. பெருகும் உயிரணுக்களில் இவை மிகுதி. பெருக்கத்தை நிறுத்தி முதிர்ந்தவற்றில் பொதுவாகக் குறைவு.

நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காவிட்டால்தான் ஆபத்து. சிறு குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோயில், நரம்பணுக்களாக முதிர வேண்டியவை முதிராமல் பெருகிக்கொண்டே போகின்றன. இந்நோயின் கடுமையான வகைகள் பலவற்றில் எம்.ஒய்.சி.என். என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகி, பாலிஅமீன் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது.

அந்த உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் நொதியைத் தடுப்பது எப்லோர்னிதின் மருந்து. 1990-இல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்காக அமெரிக்கா அனுமதித்த அதே மருந்துதான். 2023 டிசம்பரில், சிகிச்சையால் குணம் கண்ட கடும் நியூரோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு நோய் திரும்பும் அபாயத்தைக் குறைக்க, மாத்திரையாக அங்கு அனுமதி பெற்றது.

நோய் மீண்டும் வந்துவிடுமோ என்று ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கலங்கும் பெற்றோருக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.