இரும்பு மாத்திரையும் கட்டஞ்சாயாவும்

தேவாரம், போடிநாயக்கனூர் வட்டாரங்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும் வேளையில் திரும்பும் பெண்களுக்கு எல்லாச் சத்துக்களையும்விட முதன்மையாக வேண்டியது இரும்புச்சத்தே ஆகும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, அதாவது இரும்பைக் கொண்டு உருவாகி உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குருதியில் குறைந்துபோகும் நிலை, காணப்பட்டது.

உடல் தன்னிடமுள்ள இரும்பை எளிதில் இழப்பதில்லை. ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடியும் சிவப்பணுக்களிலிருந்து நாள்தோறும் 20 மில்லிகிராம் அளவுக்கு அதை மீட்டுப் புதிய அணுக்களுக்குத் தருவதால், உணவிலிருந்து குடல் உட்கிரகிக்க வேண்டியது ஒன்றிரண்டு மில்லிகிராமே. மாதவிடாயும் மகப்பேறும், ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் குடலைச் சென்றடையும் கொக்கிப்புழுவும் குருதியைக் குறைக்கும்போது அந்தச் சிக்கனம் போதாமற்போகிறது. 1970 முதல் நடந்துவரும் தேசிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில், கர்ப்பிணிகளுக்கு இன்று 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை 180 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. ஃபோலிக் அமிலம் குருதியணு உருவாக்கத்துக்கு வேண்டிய பி வகை வைட்டமின் ஆகும்; அதன் அறிவியல் வரலாறே பம்பாயின் ஆலைத் தொழிலாளிப் பெண்களிடையே மருத்துவ ஆய்வாளர் லூசி வில்ஸ் நடத்தி 1931இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது என்பது, உழைக்கும் பெண்களைப் பற்றிய இந்தப் பேச்சில் மறக்கத்தகாத செய்தி.

மாத்திரை கிடைத்தும் அதன் பயனைக் குறைத்துவிடுவது தேநீரே என்பதுதான் பெருங்கவலைக்குரியது. தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு, கீரை, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்பு உட்கிரகிக்கப்படுவதைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கவல்லது. குளிரிலும் சாரலிலும் ஏலக்காய் எடுப்போருக்குக் கட்டஞ்சாயா, அதாவது பாலில்லாத் தேநீர், உடலுக்குச் சூடும் சற்று ஓய்வும் தருவது. அதைக் கைவிடச் சொல்வது இரக்கமற்ற அறிவுரை. ஆனால் தூக்குச்சட்டிச் சோற்றோடு சேர்த்தே தேநீரையும் அருந்தி, அந்நேரத்திலேயே மாத்திரையையும் விழுங்கும் வழக்கத்தை மாற்றலாம். உணவுக்கு ஒரு மணி நேரமேனும் தள்ளி அருந்தினால் அவ்விழப்பு பெரிதும் குறையும்.

முருங்கைக்கீரையும் கம்மங்கூழும் இருக்க மாத்திரை எதற்கு என்போர் உண்டு. அவை நல்லுணவே, எனினும் முற்றிய இரத்தசோகையை அவற்றால் மட்டும் விரைந்து ஈடுகட்ட இயலாது. வைட்டமின் சி இரும்பை எளிதில் கரையும் வடிவில் வைத்திருப்பதால், மலையிலிருந்து இறங்கி இரவில் உண்ணும் உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து, உறங்குமுன் மாத்திரையை உட்கொள்வது தோட்டத்துப் பெண்களின் நாளொழுங்குக்கு ஏற்றது. கர்ப்பிணிகளோ, இரும்போடு போட்டியிடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது விலக்கிக்கொள்ள வேண்டும்.