தையல்சிட்டின் இலைக்கூடு

எலுமிச்சைச் செடியிலோ குரோட்டன்ஸிலோ, ஓரங்கள் ஒட்டிப் பைபோல் மடிந்த பச்சை இலை ஒன்று தொங்கினால், பூச்சி அரித்ததென்று கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தையல்சிட்டின் குஞ்சுகள் இருக்கக்கூடும்.

நீளம் சுமார் 13 செ.மீ.; எடை 10 கிராமுக்குள். செம்பழுப்பு உச்சந்தலை, இலைப்பச்சை முதுகு, வெளிறிய வயிறு, எந்நேரமும் தூக்கிய வால். குரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு உரத்தது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வாழும் இந்தச் சிட்டை 1769-இல் தாமஸ் பென்னன்ட் அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

தைப்பது பெண் சிட்டு. செடியிலேயே இருக்கும் அகலமான இலையைத் தேர்ந்துகொள்கிறது. ஒன்று போதாவிட்டால் பக்கத்து இலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. கூரிய அலகால் ஓரங்களில் துளையிட்டு, பஞ்சு, சிலந்தி நூல், செடி நார் ஆகியவற்றை அவற்றின் வழியே இழுத்து இரு ஓரங்களையும் நெருக்குகிறது. நம் தையலைப் போல ஒரே நூல் தொடர்ந்து ஓடுவதில்லை; ஒவ்வொரு தையலும் தனி. முடிச்சும் கிடையாது. துளைக்கு வெளியே வந்த பஞ்சின் நுனி பிரிந்து உப்பிக்கொள்வதால் திரும்ப உள்ளே நழுவாது. இவ்வளவு எளிய உத்தி இத்தனை உறுதியாக நிற்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம் துளைகளின் அளவில் இருக்கிறது. அவை மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை. காம்போடு நின்று பச்சையாகவே இருக்கிறது. மேற்புறம் வெளியே தெரியும்படி மடிப்பதால் மற்ற இலைகளோடு இலையாகக் கலந்துவிடுகிறது. கூடு பெரும்பாலும் தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில்தான் இருக்கும். பூனைக்கும் காக்கைக்கும் எட்டாமலிருக்க இந்த மறைவைத்தான் சிட்டு நம்பியிருக்கிறது.

பைக்குள் பஞ்சு மெத்தை. மூன்று அல்லது நான்கு முட்டைகள். சுமார் 12 நாளில் பொரிந்ததும் தாயும் தந்தையும் மாறி மாறிப் புழு பூச்சிகளைக் கொண்டுவந்து ஊட்டும். உங்கள் செடியின் இலையைத் தின்னும் புழுக்களும் அதில் அடக்கம். மருந்து தெளித்த தோட்டத்தில் சிட்டுகளுக்கு இரை குறையும்.

இந்த மறைவையும் கண்டுபிடித்துவிடும் பறவைகள் உண்டு. சிறு குயில் இனங்கள் சில, தையல்சிட்டின் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். தன்னைவிடப் பெரிதாக வளரும் அந்தக் குஞ்சுக்கும் சிட்டு சளைக்காமல் இரை ஊட்டுகிறது.