கடல் தண்ணீரில் பீர்!

பீர் என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! யாரையும் குடிக்கச் சொல்வது என் நோக்கமல்ல. குடிக்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். காரணம் கடைசியில் தெரியும்.

உங்களில் பலருக்குப் பெண்ணோ பிள்ளையோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போகிறீர்கள். ஊர் திரும்பும் சமயத்தில், "அம்மா, ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் போய்வரலாம், மாப்பிள்ளை டிக்கெட் வாங்கிவிட்டார்" என்கிறாள் பெண். கப்பலா அது? மிதக்கும் மாம்பலம்! கடைத்தெரு, நாடக மேடை, நீச்சல் குளம், எங்கே திரும்பினாலும் ஒரு 'பார்'. அங்கே ஹாலந்தின் ஹைனகன், மெக்ஸிகோவின் கொரோனா, அயர்லாந்தின் கறுப்பு கின்னஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். இங்கிலாந்தின் 'குவீன் மேரி 2' கப்பலில் 'கோல்டன் லயன்' என்று அசல் ஆங்கிலேய மதுக்கடை ஒன்றையே அமைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சில கப்பல்களில் பீரைக் கப்பலிலேயே, அதுவும் கடல் தண்ணீரிலிருந்து, காய்ச்சுகிறார்களே, அதுதான் அதிசயம்.

இதை உல்லாசக் கப்பலில் தொடங்கி வைத்தவர்கள் ஜெர்மானியர்கள். 2010-ல் வெள்ளோட்டம் விட்ட 'ஐடாப்ளு' என்ற கப்பலில் செப்புக் கொப்பரைகளுடன் ஒரு சிறு பீர் ஆலையே வைத்தார்கள். 2016-ல் 'கார்னிவல் விஸ்டா' என்ற கப்பல் அதைப் பின்பற்றியது. கோதுமையில் ஒன்று, காப்பி வாசனையுடன் கறுப்பாக ஒன்று என்று சில தினுசுகள் அதில் தயாராயின.

உப்புக் கரிக்கும் கடல் ஜலத்தில் எப்படி? நம் வீட்டுப் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற, தண்ணீர் கொதிக்க அதிகச் சூடு வேண்டும். கப்பலில் இதற்கு நேர் எதிரான தந்திரம் செய்கிறார்கள். பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டால், கடல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கப்பல் எஞ்சின் வீணாக்கும் வெப்பமே அதற்குப் போதும். ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். உப்பு அடியிலேயே தங்கிவிடும். மெல்லிய சவ்வின் வழியே மிகுந்த அழுத்தத்துடன் தண்ணீரைச் செலுத்தி உப்பை வடிகட்டும் முறையும் உண்டு. பிரயாணிகள் குளிப்பதும் குடிப்பதும் பெரும்பாலும் இப்படி வந்த தண்ணீர்தான்.

பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஆகவே தண்ணீர் மாறினால் ருசி மாறும். இது நமக்குத் தெரியாத விஷயமா? உப்புக் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகிறதா? சிறுவாணித் தண்ணீரில் போட்ட காப்பியின் ருசி வேறெங்கே வருகிறது? ஐரோப்பாவிலும் இதே கதைதான். செக் நாட்டுப் பில்சன் நகரின் மென்மையான தண்ணீருக்கு ஒரு பீர். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஜிப்சம் கலந்த கிணற்றுத் தண்ணீருக்கு இன்னொரு பீர். கப்பலில் கிடைக்கும் தண்ணீரோ எழுதாத சிலேட்டுப் போல. எந்த ஊர் ருசி வேண்டுமோ, அதற்கேற்ற உப்புக்களை அளந்து சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு முளைகட்டிய பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, நுரைக்க வைக்க ஈஸ்ட். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதற்குச் சிற்றப்பா உறவு.

இது இன்றைய விளையாட்டு. ஆனால் ஒரு காலத்தில் கப்பலில் பீர் இருந்ததா இல்லையா என்பது உயிர்ப் பிரச்னையாக இருந்தது. மரப் பீப்பாயில் நிரப்பிய தண்ணீர் சில வாரங்களில் பாசி பிடித்து நாறிவிடும். காய்ச்சித் தயாரித்த பீரோ, ஹாப்ஸின் தயவால் அதைவிட நாள் தாங்கும். பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமி ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நாலரை லிட்டர் பீர் படியளந்தார்கள். லேசான சரக்குத்தான். என்றாலும் 500 பேர் கொண்ட கப்பலுக்கு மாதம் 15,000 காலன் ஆகிறது, பாருங்கள்! உஷ்ணப் பிரதேசங்களில் பீர் புளித்துப் போகும். அப்போது ஒரு காலனுக்குப் பதில் அரைப் பைண்ட் ரம். நம் கீழ்த்திசைக் கடல்களில் சாராயம்!

1620-ல் இங்கிலாந்திலிருந்து 102 பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டது 'மேஃப்ளவர்' என்ற சிறு கப்பல். மத விஷயத்தில் தாய்நாட்டுடன் ஒத்துப்போகாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் போனார்கள். கரை தெரிந்தபோது நவம்பர் மாதக் குளிர். குடியேற இன்னும் நல்ல இடம் தேடலாம் என்றால் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அதிலும் முக்கியமாகப் பீர் தீர்ந்துகொண்டிருந்தது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கிடைத்த இடத்தில் இறங்கினார்கள். அதுவே பிளிமத்.

அந்தக் குளிர்காலத்தில் வியாதி வந்தது. வீடு கட்டி முடியவில்லை. பாதிப் பேர் கப்பலிலேயே கிடந்தார்கள். மாலுமிகளுக்கோ, திரும்பிப் போகும் வழிக்குப் பீர் மிஞ்ச வேண்டுமே என்ற கவலை. வில்லியம் பிராட்ஃபோர்ட் என்பவர், பின்னால் அந்தக் குடியேற்றத்தின் கவர்னராக விளங்கியவர், நோயில் படுத்திருந்தபோது ஒரு குவளை பீர் கேட்டனுப்பினார். பெற்ற தகப்பனே கேட்டாலும் கிடையாது என்று பதில் வந்ததாம். கப்பல் கரையருகே நின்றிருந்த நாட்களில்தான் அவருடைய மனைவி டாரதி கடலில் விழுந்து இறந்திருந்தாள். அந்த நிலையில் இந்தப் பதில்!

பிறகு மாலுமிகளையும் வியாதி பிடித்தது. ஒருவர் பின் ஒருவராகச் சாக ஆரம்பித்தார்கள். கப்பல் தலைவர் ஜோன்ஸின் மனம் இளகியது. தேவைப்பட்டவர்களுக்குப் பீர் அனுப்பச் சொன்னார். ஊர் திரும்பும் வழியில் தாமே வெறும் தண்ணீர் குடிக்க நேர்ந்தாலும் சரி என்றாராம். வந்து சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வசந்தம் வருமுன் இறந்தார்கள். வயது வந்த பெண்கள் 18 பேரில், அடுத்த அறுவடைக் காலத்தில் உயிருடன் இருந்தவர்கள் 4 பேர். பாதி பட்டினி கிடந்து குழந்தைகளுக்கு ஊட்டியவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடலுக்கும் பீருக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசியில், பசிபிக் கடலில் இருந்த பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பீர் அனுப்ப வழியில்லை. எனவே 'மெனஸ்தியஸ்' என்ற கப்பலை, நாடக அரங்கு சகிதம், பீர் ஆலையாகவே மாற்றினார்கள். கடல் ஜலத்தைக் காய்ச்சி வடித்து, பார்லிச் சாற்றைக் கலந்து தயாரித்தார்கள். வேலை முடிந்து கப்பல் வந்து சேர்வதற்குள், 1945-ல் யுத்தமே முடிந்துவிட்டது! எஞ்சியிருந்த வீரர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு மறு வருஷம் வீடு திரும்பியது.

அந்த மாலுமிகளுக்குப் படி இனாம். இன்றைய பிரயாணிக்கு? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். உல்லாசக் கப்பலில் சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடக்கம். பீருக்குத் தனிக் கட்டணம். கோப்பை கோப்பையாக வாங்கலாம்; அல்லது நாள் கணக்கில் மொத்தமாகக் கட்டிவிட்டு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் எல்லை உண்டு: கார்னிவல் கப்பல்களில் 24 மணி நேரத்துக்கு 15 மது பானங்கள். (பதினைந்து! எல்லை என்றல்லவா சொன்னார்கள்?)

அமெரிக்கக் கம்பெனிகள் பலவற்றில் ஒரு விதி. மொத்தக் கட்டணத் திட்டத்தில் ஒருவர் சேர்ந்தால், அதே அறையில் தங்கும் 21 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் சேரவேண்டும். ஒருவர் பெயரில் வாங்கி மற்றவர் குடித்துவிடக் கூடாதாம். கம்பெனியின் பயம் நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு 420 டாலர். பீர் வாசனையே ஆகாத பெண்ணுக்கு இன்னொரு 420. சிக்கனமாக இருக்கட்டும் என்று மாமியாரும் அதே அறையில் தங்கினால் மூன்றாவது 420! ஆக 1,260 டாலர். ஒரு கோப்பை 8 டாலர் என்றால், மூவர் பணத்துக்கும் ஈடுகட்ட மாப்பிள்ளை நாளொன்றுக்கு 22 கோப்பைக்கு மேல் குடிக்க வேண்டும். அதற்குத்தான் 15 என்று எல்லை வைத்துவிட்டார்களே!

ஆகவே டிக்கெட் வாங்கும்போதே விதியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தினம் ஒன்றிரண்டு கோப்பையோடு நிற்பவருக்குத் தனித்தனியாக வாங்குவதே லாபம். உங்களுக்கு சோடா வகைகளுக்கு மட்டும் தனித் திட்டம் உண்டு. அதைத் தனி ஆளாக வாங்கிக்கொள்ளலாம். டீ, சாதாரணக் காப்பி, தண்ணீருக்கு வழக்கமாகக் கட்டணமில்லை.

இன்னும் ஒன்று. 'ரூட் பீர்' என்று பலகையில் பார்த்தால் பதற வேண்டாம். அது வெறும் சோடா. அமெரிக்கக் குழந்தைகள் ஐஸ்கிரீமைப் போட்டுக் குடிப்பார்கள். பெயரில் பீர் இருந்தும் உள்ளே மதுவில்லை. ஆனால் மதுக்கடைப் பக்கம் பொன்னிறமாகப் பொரித்து வைத்திருக்கும் வெங்காய வளையத்தை, நம் ஊர்ப் பஜ்ஜிதானே என்று எடுத்துவிடாதீர்கள். அந்த மாவைப் பீர் விட்டுக் கரைக்கிற வழக்கமும் உண்டு. கேட்டுவிட்டு எடுங்கள்.