ஆடாதோடை வேலி

துடியலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கிளுவை வேலி பழகியதே. ஆயினும் கோடையில் அது இலையுதிர்ந்து நிற்கும். என்றும் பசுமையாயிருந்து, ஆடும் வாய் வைக்காத செடி ஆடாதோடையே. அரளியும் பசுமையானதுதான், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய அரளிக் கிளை தீவனத்தில் கலந்தால் மாடு மாண்டுபோகும். மாட்டுக் கொட்டகையருகே அது கூடவே கூடாது.

ஐப்பசி மழையில் நிலம் நனைந்ததும், ஆடாதோடையின் முற்றிய கிளைகளை முக்கால் அடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு கணு மண்ணுள் மறையும்படி அடிக்கு ஒன்றாக நடவேண்டும். இதற்குப் பணச் செலவில்லை. ஓர் அங்கத்தினர் கழிக்கும் கிளை பலருக்கு நடுகுச்சியாகும். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயலாகாது, நீர் தேங்கவுமாகாது. செடி விரைவில் உயரட்டும் என்று முதலாண்டில் கத்தி வைக்காமல் விடுவோரே அதிகம். அதனால் அடிப்பாகம் மொட்டையாகி ஆட்டுக்குட்டி நுழைய வழி உண்டாகிறது. முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் அடியிலிருந்தே கிளைகள் வெடிக்கும்.

கழித்த தழையை வாழையடியில் இட்டு மண் மூடலாம், நல்ல தழையுரம். இலைக் கஷாயம் இருமலுக்குப் பழைய மருந்து. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்னும் சளி மருந்து ஆக்கப்பட்டது. ஆனால் அப்பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்வதால், கர்ப்பிணிகளுக்கு அக்கஷாயம் கொடுக்கலாகாது.